உங்கள் அக்கா ஓடிய ஓட்டம்

உங்கள் அக்கா ஒரு முறை ஓட்டப் பந்தயத்தில் ஓடியிருக்கிறாள். உங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. அப்போது பெரியவனுக்கு மூன்று வயது, சின்னவள் தொட்டிலில் கிடந்தாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அவ்வளவுதான்.

அந்த நாளில் நான் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கே வேலைக்குப் போய்விட்டார்கள். கடலை விட எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னால் அது பொய். அங்கே எனக்கு வேலை வாங்கித் தர ஆள் இல்லை. விடியுமுன் கரைக்காற்றில் வள்ளம் போகும், மத்தியானத்துக்கு மேல் திரும்பும். வந்து சாப்பிட்டுப் படுத்தால் காதுக்குள் இரைச்சல் அடங்க ஒரு மணி நேரம் ஆகும். இதுதான் என் நாள்.

உங்கள் அம்மாவின் நாள் இதைவிட நீளம். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பத்துப் பன்னிரண்டு சொல்தான் பேசுவாள். கஞ்சி, மாமா, வேண்டாம், தண்ணி என்று. புத்தி உடம்போடு சேர்ந்து வளரவில்லை என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லிவிட்டார்கள். பகலில் அவள் பாட்டுக்கு இருப்பாள். ராத்திரியில்தான் எழுந்து போவாள். கதவைத் திறந்து நேராகக் கடலுக்கு நடப்பாள். இரண்டு தடவை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவளைக் கூட்டிவந்திருக்கிறோம். அதற்குப் பிறகு உங்கள் அம்மா பழைய சேலைக் கரையைக் கிழித்து, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுப்பாள். அவள் புரண்டாலும் இவள் விழித்துவிடுவாள். அப்படி எத்தனையோ வருஷம். இதை உங்கள் அம்மா வெளியே யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையைக் கட்டிப் போடுகிறாள் என்று பேச்சு வரும் அல்லவா. கூடப் பிறந்த தம்பிக்குக்கூடத் தெரியாது.

அக்கா போன பள்ளிக்கூடத்தைக் கன்னியாஸ்திரீகள் இரண்டு பேர் நடத்தினார்கள். கோயில் வளவில் பழைய சாமான் அறை ஒன்றைச் சுத்தம் செய்து, இப்படிப்பட்ட பிள்ளைகள் இருபது பேரை வைத்திருந்தார்கள். ஒரு நாள் பெரிய சிஸ்டர் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். மெட்ராஸில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே விளையாட்டுப் போட்டி வைக்கப் போகிறார்கள், நம் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து பேரைக் கூட்டிப்போகலாம் என்றார்கள். அதற்கு முன்னால் இங்கேயே ஒரு விளையாட்டு விழா வைத்து அந்த ஐந்து பேரைப் பார்த்து எடுப்பார்களாம். ஐம்பது மீட்டர் ஓட்டம். முதலாவதாக வர வேண்டாம். யாரும் கை பிடிக்காமல், நடுவில் நிற்காமல், இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் பிள்ளை தானாக வந்துசேர வேண்டும்.

எல்லாரும் ரயிலைப் பற்றிக் கேட்டார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். உங்கள் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ராத்திரியும் பிள்ளைகள் அங்கனதானா சிஸ்டர்?”

“ஆமாம்மா. போக வர எல்லாம் சேர்த்து நாலு ராத்திரி. நான் பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன், பயப்படாதே.”

அவள் பயந்து கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அது தெரிந்தது. திரும்பி நடந்து மீன் சந்தையைத் தாண்டினோம். அதற்குப் பிறகு, “நாலு ராத்திரி” என்றாள். கொஞ்ச தூரம் போய், “நான் இப்படி நெனைக்கது பாவமா? பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?” என்றாள்.

“சாமியார்ட்ட சொன்னா அவரும் போய்த் தூங்குளான்னுதான் சொல்லுவாரு” என்றேன்.

அவள் சிரித்தாள். கண் இரண்டும் குழிக்குள் இருந்தன. அந்த ஐந்து பேரில் உங்கள் அக்கா எப்படியாவது ஒருத்தியாக வேண்டும் என்று நான் அந்த இடத்தில் முடிவு செய்தேன். பதக்கத்துக்கும் இல்லை, பெயருக்கும் இல்லை. உங்கள் அம்மா நாலு ராத்திரி கையில் கட்டு இல்லாமல் தூங்க வேண்டும்.

ஆனால் அக்காவை ஓட வைப்பது லேசா? கடற்கரையில் இரண்டு கோடு கிழித்து, ஒன்றில் அவளை நிறுத்திவிட்டு நான் மற்றதில் நின்று கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்து மணலைத் தோண்டினாள். முறுக்கைக் காட்டினேன். வந்தாள், பாதி வழியில் நண்டுப் பொந்தைப் பார்த்ததும் முறுக்கு மறந்துபோயிற்று. விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து வீட்டில் இருந்த உங்கள் பெரிய அத்தை வேறு, “வயசுக்கு வந்த பிள்ளைய ஊரு பாக்க ஓட விடுதான் பாரு” என்று முற்றத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலை முடிந்து வந்த உடம்புக்கு அந்த அரை மணி நேரம் மலையாகத் தெரிந்தது. நாலாம் நாள் நானும் மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உங்கள் மாமா வந்தான். என் வள்ளத்தில் எனக்குக் கயிறு பிடித்தவன் அவன்தான்.

கயிறு பிடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சங்கு குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். கீழே மூச்சு முட்டும்போது அந்தக் கயிற்றை ஒரு உதறு உதறுவான். வள்ளத்தில் நிற்கிறவன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் போட்டு இழுத்து அவனை மேலே கொண்டுவருவான். ஆள் தலை தண்ணீருக்கு மேலே தெரிகிற வரை கயிற்றிலிருந்து கையை எடுக்கவே கூடாது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். அதனால்தான் எங்கள் கரையில் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனைக் கயிறு பிடிக்க வைப்பார்கள். மற்றவன் கவனம் தப்பலாம். தன் அக்கா தாலி போகும்படி ஒருத்தன் கையை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

“என்ன அத்தான், ரெண்டு பேரும் உக்காந்துட்டிய? யாரு யாரைத் தேத்துதது?”

“ஓட மாட்டேங்கா” என்றேன்.

“ஓடுறது எதுக்கு? மேல வரச் சொல்லுங்க” என்றான். வள்ளத்துக் கயிற்றை எடுத்துவந்து, முங்குகிறவனுக்குக் கட்டுவது போலவே அவள் இடுப்பில் கட்டினான். மறு முனையோடு அந்தக் கோட்டுக்குப் போய் ஒரு சுண்டு சுண்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றை வாங்க வாங்க, அவள் மந்திரத்துக்குக் கட்டுண்டவள் போல அவனை நோக்கி வந்தாள். நடை பாதி ஓட்டம் பாதி. நண்டுப் பொந்தைத் தாண்டித்தான் வந்தாள், குனியவில்லை. கோட்டைத் தாண்டியதும் அவன் வயிற்றில் தலையால் முட்டினாள்.

“சங்கு எத்தனைளா கொண்டுவந்த?” என்று கேட்டான் அவன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இதுதான். ஒரு நாள் தவறாமல் வந்தாள். கயிறு இழுப்பதால்தான் வருகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். கயிறு தொய்ந்து மணலில் புரண்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை. நாங்கள் வள்ளத்துக்குப் போகவில்லை. உங்கள் அம்மா, சின்னவளுக்கு வயிற்றோட்டம் என்று வீட்டில் இருந்துவிட்டாள். அக்காவுக்குத் தலை சீவி இரண்டு சடை போட்டு, முழங்காலுக்குக் கீழே வருகிற பாவாடையாகப் பார்த்து உடுத்திவிட்டாள். வாசலில் நின்று, “ஓடி முடிச்ச ஒடனே யாரையாவது சைக்கிள்ல அனுப்புங்க” என்றாள்.

பையன்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. அங்கே இருந்த விளையாட்டு வாத்தியார்தான் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறவர். நல்ல மனுஷன், வெயிலில் காலையிலிருந்து நின்று வாடிப்போயிருந்தார். உங்கள் மாமா கையில் கயிற்றைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“இது என்னது?”

“பிள்ளைக்கு சார். ஒரு சுண்டு சுண்டினா வந்துருவா.”

“மாடா அண்ணாச்சி இது? பார்க்க வந்தவங்க என்ன நினைப்பாங்க? கயிறெல்லாம் மெட்ராஸ்ல விடமாட்டாங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கூப்பிடுங்க, கை தட்டுங்க, அது போதும்.”

பெரிய சிஸ்டரைப் பார்த்தேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள், கயிறு வேண்டாம் என்று. மாடு என்ற சொல் எனக்கு உறைத்தது. வீட்டில் இருக்கிற சேலைக் கரையை நினைத்துக்கொண்டேன். மாமா கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க் கோட்டுக்குப் போனான்.

அக்காவோடு சேர்த்து ஆறு பேரை நிறுத்தினார்கள். அவளுக்காக விசில் ஊதாமல் கைக்குட்டையை வீசினார்கள், அது சிஸ்டர் செய்த உபகாரம். ஒரு பையன் சிட்டாகப் பறந்தான். ஒருத்தி பின்னால் திரும்பி ஓடிப்போய்த் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் எப்படி எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் அக்கா நின்ற இடத்தில் நின்றாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கயிறு இல்லை. மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

மாமா கூப்பிட்டான். கை தட்டினான். அவள் அசையவில்லை. வாத்தியார் அட்டையில் எழுதப் போனார். அப்போது மாமா என்ன நினைத்தானோ, காலை அகட்டி ஊன்றி, வெறுங்கையில் ஒரு சுண்டு சுண்டினான். பிறகு இல்லாத கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுக்கத் தொடங்கினான்.

அக்கா புறப்பட்டாள்.

வேலி ஓரத்தில் நின்ற ஒருத்தன், “என்னவே, கரவலையா? மீனு எவ்வளவுவே கெடக்கு?” என்று, கரையில் நின்று வலை இழுக்கிறவனைக் கேட்பது போலச் சத்தம் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அவள் கண் அவன் கையிலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவள் கயிற்றுக்கு வரவில்லை, அந்தக் கைகளைப் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். நேர்கோட்டில் வந்தாள், சடை இரண்டும் ஆட வந்தாள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கை தட்டத் தொடங்கினார்கள். பாதி வந்தாயிற்று, முக்கால் வந்தாயிற்று. கோட்டுக்கு இன்னும் எட்டுக் காலடி இருக்கும். எனக்குள் நான் சைக்கிளுக்கு ஆள் தேடத் தொடங்கிவிட்டேன்.

உங்கள் மாமா அழுதுகொண்டிருந்தான். அவனுக்கே தெரியாமல், எல்லாரும் தட்டுகிறார்கள் என்று அவனும் கையை எடுத்து, தலைக்கு மேலே தூக்கித் தட்டிவிட்டான்.

அவள் நின்றுவிட்டாள்.

அவன் இன்னும் பலமாகத் தட்டினான், “வா தாயி, வா” என்றான். அவள் அவன் கையைப் பார்த்தாள். பிடித்திருந்தவன் விட்டுவிட்டான் என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். “ஏலே, இழுலே” என்று நான் கத்தினேன். அவனுக்கு அது எட்டி, அவன் பதறி இழுப்பதற்குள், அவள் உட்கார்ந்து தரையைத் தோண்டத் தொடங்கிவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிஸ்டர் போய் அவளைத் தூக்கிவிட்டார்கள். வாத்தியார் என் பக்கம் வந்து, “வருத்தமாத்தான் இருக்கு அண்ணாச்சி. நின்னுட்டா” என்றார். அவர் சொன்னது சரிதான்.

மூன்று பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. விழாவில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயைச் சப்பிக்கொண்டு வந்தாள்.

“இத்தனை வருஷமா ஒங்க கயித்தப் பிடிச்சிருக்கேன் அத்தான். ஒரு நாளாவது கைய எடுத்திருக்கனா?” என்றான் மாமா.

“இல்ல.”

“இன்னைக்கு எடுத்துட்டேன்.”

அதோடு நான் விட்டிருக்கலாம். எனக்கு அலுப்பு, வெயில், வீட்டு வாசலில் உங்கள் அம்மா நின்றுகொண்டிருப்பாள் என்கிற நினைப்பு. “நீ தட்டின தட்டுல ஒங்க அக்கா தூக்கம் போச்சு” என்று சொல்லிவிட்டேன்.

“என்ன தூக்கம்?” என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது அல்லவா. அவனுக்கு அது ஓட்டப் பந்தயம், அவ்வளவுதான். நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கடல், சேலைக் கரை, மணிக்கட்டு, நாலு ராத்திரி. அவன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். எங்கள் வீட்டு முடுக்குச் சந்து வந்ததும் உள்ளே வராமல் போய்விட்டான்.

உங்கள் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் சின்னவளுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். “நின்னுட்டாளா” என்றாள். “எவ்வளவு தூரம் வந்தா?” என்று கேட்டாள். முக்கால்வாசிக்கு மேல் என்றேன். “அவ்வளவு வந்தாளா” என்றாள். பிறகு அக்காவின் சடையைப் பிரித்துவிட்டாள்.

ஐந்து பிள்ளைகளும் மெட்ராஸுக்கு ரயில் ஏறிய அன்று சாயங்காலம் மாமா வந்தான். வாசலில் நின்றபடியே, “அக்கா, பிள்ளைக்கு நாலு உடுப்பு எடுத்து வை. நாலு நாளும் எங்க வீட்டுல இருக்கட்டும்” என்றான்.

“எதுக்குலே?”

“சும்மாதான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “வயசுக்கு வந்த பிள்ளைய அடுத்த வீட்டுல விடச் சொல்லுதியா?” என்று சண்டைக்கு வந்தாள்.

“அடுத்த வீடா? மாமன் வீடுளா அது.”

பின்னால் உங்கள் மாமி வந்து நின்றாள். “மதினி, இவரு வாக்கு குடுத்துட்டு விடியுமுன்ன வள்ளத்துக்குப் போயிருவாரு. முழிக்கப் போறது நான்தான். நான் சரின்னுதான் வந்திருக்கேன், குடுங்க” என்றாள். மாமா சொன்னதைவிட அது எடுபட்டது.

உங்கள் அம்மா அன்று விளக்கு வைத்ததும் படுத்தவள் மறுநாள் கோயிலில் மத்தியான மணி அடிக்கும்போதுதான் எழுந்தாள். இடையில் சின்னவள் பாலுக்கு அழுதால் படுத்தபடியே கொடுத்தாள், கண் திறக்கவில்லை. நான் வள்ளத்துக்குப் போகாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து உங்களைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு தடவை அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மாமி ஏதோ சாமான் வாங்க வந்தாள். கண் வீங்கியிருந்தது, மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம். “நாலு நாளுன்னு சொல்ல வாய்க்கு லேசு” என்றாள். போகிறவள் திரும்பி, கோபம் இல்லாமல்தான் கேட்டாள்: “ஒண்ணு கேக்கேன் அண்ணே. இத்தனை வருஷத்துல நீங்க எத்தனை ராத்திரி இதைக் கட்டியிருக்கிய?”

முங்குகிறவன் தூங்கியாக வேண்டும், தூக்கம் கெட்டவன் கீழே போனால் மூச்சுத் தாங்காது, அதனால் வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் வள்ளம் போகாது. அது மாமிக்கும் தெரியும். வருஷத்தில் பாதி நாள் சங்குக் குளிப்பே கிடையாது. அவள் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அக்கா பிறகு மெட்ராஸ் போகவே இல்லை. அடுத்த வருஷம் பெரிய சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், விளையாட்டு விழாவும் நின்றுபோயிற்று. மாமா வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போய் இரண்டு நாள் இருப்பாள். சனிக்கிழமை ராத்திரி என் முறை என்று ஆயிற்று. முதல் சனிக்கிழமை அவள் ஒன்பது தடவை எழுந்தாள். எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன். விடிந்தபோது இருபது தடவை கடலுக்குள் இறங்கி ஏறினவன் போல இருந்தேன்.

அன்று கோயிலில் காலைப் பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் என் தலை சாய்ந்துவிட்டது. ஆண்கள் பக்கத்து ஓரத்தில் நான், நடைபாதைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியில் உங்கள் அம்மா. அவள் பெரியவனை அனுப்பி என் தொடையில் கிள்ள வைத்தாள். விழித்து அவளைப் பார்த்தேன். தூங்கி எழுந்த முகம், முக்காட்டுக்குள் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சாய்ந்தேன். பெரியவன் மறுபடியும் கிள்ளத் தானாகவே என் பக்கம் கிளம்பப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டாளாம். விசுவாச மந்திரம் சொல்ல எல்லாரும் எழுந்து நின்றபோதும் நான் உட்கார்ந்தே தூங்கினேன் என்று பிற்பாடு சொன்னார்கள்.